புதிய ஸ்டாஃப் நர்ஸுக்கு வார்டில் தைரியம் வருவது எப்படி? படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸுகளிடம் "எப்படிம்மா போகுது?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "பயமா இருக்கு சிஸ்டர்." ஜி.என்.எம். முடித்தவர்களும் இதையே சொல்கிறார்கள், பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். படிக்கிற காலத்தில் பக்கத்தில் டியூட்டர் நின்றார், கையெழுத்தை வேறொருவர் போட்டார். இப்போது கேஸ் ஷீட்டில் இருப்பது உங்கள் கையெழுத்து. பயம் வரத்தான் செய்யும். பயமே வராத ஆளைத் தனியாக நைட் டூட்டிக்கு விடத்தான் நான் யோசிப்பேன்.

இந்தத் திகைப்பை ஆராய்ந்த மார்லீன் கிரேமர் என்ற அமெரிக்க நர்ஸ் 1974லேயே இதற்கு 'ரியாலிட்டி ஷாக்' என்று பெயர் வைத்துவிட்டார். அதற்குப் பத்து வருடம் கழித்து பேட்ரிஷியா பென்னர், நர்ஸின் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்தார். அதில் நடுப்படி, அதாவது 'இந்த வேலையை இவர் தனியாகச் சமாளிப்பார்' என்று சொல்லக்கூடிய நிலை, ஒரே மாதிரியான வார்டில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்த பிறகுதான் வரும் என்பது அவர் கணக்கு. அதனால் நாலாவது மாதத்தில் இருக்கிற நீங்கள், பதினைந்து வருட சிஸ்டரைப் பார்த்து "எனக்கு ஏன் அப்படி வரலை?" என்று அழ வேண்டியதில்லை.

எல்லாம் தெரிந்த பிறகுதான் தைரியம் வரும் என்று பலர் காத்திருக்கிறார்கள். எல்லாம் தெரிகிற நாள் எனக்கும் இன்னும் வரவில்லை. வார்டில் நம்மைத் தாங்குவது மூன்று விஷயம்: எதைப் பார்க்க வேண்டும், எந்த எண் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டதும் என்ன சொல்ல வேண்டும். கீழே இருப்பதெல்லாம் அதற்கான பழக்கங்கள்தான். தமிழ்நாட்டுப் பொது மெடிக்கல் வார்டை மனதில் வைத்து எழுதுகிறேன். உங்கள் ஆஸ்பத்திரியில் எழுதி வைத்த புரோட்டோகால் இருந்தால், நான் சொல்வதைவிட அதுதான் மேல்.

1. முதல் வாரம்: பொருள் எங்கே, சாவி எங்கே

பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வார்டைச் சுற்றுங்கள். கிராஷ் டிராலியின் (அவசர மருந்தும் கருவியும் இருக்கிற தள்ளுவண்டி) ஒவ்வொரு டிராயரையும் ஒரு முறை நீங்களே திறந்து மூடுங்கள். தொண்டைக்குள் பார்க்கிற லாரிஞ்சோஸ்கோப்பின் லைட் எரிகிறதா, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கிற ஆம்பு பேக்குக்கு மாஸ்க் இருக்கிறதா, சக்‌ஷன் இழுக்கிறதா, சிலிண்டரில் ஆக்சிஜன் எவ்வளவு, அதைத் திறக்கிற ஸ்பேனர் எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்பேனரைத் தேடி ஓடுகிறவருக்கு எவ்வளவு படித்திருந்தாலும் கை நடுங்கும். டூட்டி டாக்டர், ஐ.சி.யூ., லேப், ப்ளட் பேங்க் நம்பர்களை உங்கள் போனிலும் ஏற்றிக்கொள்ளுங்கள், சட்டைப்பையில் ஒரு தாளிலும் வையுங்கள்.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: "நம்ம வார்டுல ஸ்டாண்டிங் ஆர்டர் என்னென்ன இருக்கு சிஸ்டர்?" டாக்டர் வருவதற்கு முன் நீங்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது அதில்தான் தெரியும்.

2. ஹேண்ட் ஓவரை பெட் பக்கத்தில் நின்று வாங்குங்கள்

ஷிஃப்ட் மாறும்போது நர்ஸிங் ஸ்டேஷனில் உட்கார்ந்தபடி "1 ஸ்டேபிள், 2 ஸ்டேபிள், 3 நாளைக்கு டிஸ்சார்ஜ்" என்று வாங்குகிற ஹேண்ட் ஓவரால் பயன் இல்லை. பெட்டுக்குப் போங்கள். பேஷண்ட்டின் முகம், ஓடுகிற டிரிப், ஊசி போட்ட இடத்தில் வீக்கம், யூரின் பேக், ஆக்சிஜன் ஃப்ளோ, இவ்வளவும் அரை நிமிட வேலைதான். டிரிப் அடைத்திருந்தால் முந்தைய ஷிஃப்ட் ஆள் கிளம்புவதற்கு முன்னாலேயே கண்ணில் படும்.

கடைசியில் ஒன்று கேளுங்கள்: "இன்னைக்கு யாரை நினைச்சு உங்களுக்குக் கவலையா இருக்கு சிஸ்டர்?" அனுபவசாலி எந்த எண்ணையும் சொல்லாமலே, "அந்த ஏழாம் பெட்டு தாத்தா, என்னமோ சரியில்லம்மா" என்பார். அந்த ஏழாம் பெட்டை முதலில் போய்ப் பாருங்கள். பிறகு ஒரு தாளில் மணிவாரியாகக் கோடு போட்டு, எந்த மணிக்கு யாருக்கு என்ன மருந்து, எந்த ரிப்போர்ட் வரவேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளப் பார்க்காதீர்கள்.

3. எண்ணைப் படிக்கப் பழகுங்கள்

நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வது இந்தப் படியில்தான். பி.பி. பார்க்கவும் பல்ஸ் எண்ணவும் எல்லோருக்கும் தெரியும். பார்த்த எண் என்ன சொல்கிறது என்று யோசிப்பதுதான் பழகவேண்டிய வேலை.

முதலில் மூச்சு. எந்த வார்டிலாவது டி.பி.ஆர். சார்ட்டை (காய்ச்சல், பல்ஸ், மூச்சு எழுதுகிற தாள்) புரட்டிப் பாருங்கள், எல்லா பெட்டுக்கும் 20, 20, 18, 20 என்றே இருக்கும். முப்பது பேர் ஒரே மாதிரி மூச்சு விடுவதாகச் சொல்கிற சார்ட்டை நான் நம்புவதில்லை. பல்ஸ் பார்ப்பதுபோல மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் நெஞ்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் ஆள் மூச்சை மாற்றிவிடுவார். உடல் மோசமாகும்போது முதலில் மாறுகிற எண்களில் மூச்சும் ஒன்று, பல சமயம் பி.பி. விழுவதற்கு வெகுநேரம் முன்பே மாறும்.

பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய 'நியூஸ்' மதிப்பெண் முறையைக் கற்றுவைத்துக்கொள்ளுங்கள். மூச்சு, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு), ஆக்சிஜன் வைத்திருக்கிறோமா, பி.பி., பல்ஸ், நினைவு, காய்ச்சல் ஆகிய ஏழுக்கும் மார்க் உண்டு. மூச்சு 12 முதல் 20 வரை பூஜ்யம், 21 முதல் 24 வரை 2, 25ஐத் தொட்டால் 3. மேல் பி.பி. 90 அல்லது அதற்குக் கீழே போனால் 3. புதிதாக ஆள் குழப்பமாகப் பேசினாலும் 3. ஏதாவது ஒன்றில் மட்டும் 3 வந்தாலோ, மொத்தம் 5 ஆனாலோ டாக்டர் சீக்கிரம் வந்து பார்க்கவேண்டும். 7 வந்தால் அவசரம். பதினாறு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. உங்கள் வார்டில் இது இல்லாவிட்டாலும் மனதுக்குள் போட்டுப் பாருங்கள். "என்னமோ பயமா இருக்கு" என்று நினைத்தது "ஸ்கோர் 6" ஆக மாறும்போது உங்கள் குரலே மாறிவிடும்.

நம் ஊரில் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது டெங்கு. மழைக்காலத்தில் மெடிக்கல் வார்டு டெங்கு கேஸால் நிரம்பும். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டிருக்கும். "காய்ச்சல்தான் போயிடுச்சே, வீட்டுக்குப் போகலாமா சிஸ்டர்?" என்று அம்மா கேட்பார். அந்த நேரம்தான் ஆபத்து. காய்ச்சல் இறங்குகிற சமயத்தில் தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் வரை ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும். இந்தச் சமயத்தில் பி.பி. 100/82 என்று வந்தால் புதியவர் "நூறு இருக்கு, பரவாயில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போவார். மேலே இருப்பதிலிருந்து கீழே இருப்பதைக் கழியுங்கள். 18. சாதாரணமாக 40 பக்கம் இருக்கவேண்டியது 20க்கு வந்துவிட்டாலே ஷாக்கின் வாசலில் இருக்கிறார் என்று அர்த்தம். கையைத் தொட்டுப் பாருங்கள், சில்லிட்டிருக்கும். நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப இரண்டு வினாடிக்கு மேல் ஆகும். விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது எல்லாம் எச்சரிக்கை. பிளேட்லெட் எண்ணிக்கையையே எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்கள் ஹெமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறதா என்று பாருங்கள்.

யூரினையும் அளவாகச் சொல்லப் பழகுங்கள். மணிக்கு ஒரு கிலோ எடைக்கு அரை மி.லி. என்பது குறைந்தபட்சக் கணக்கு. 50 கிலோ ஆளுக்கு ஆறு மணி நேரத்தில் 150 மி.லி. வரவேண்டும். "யூரின் கம்மி சார்" என்பதைவிட "ஆறு மணி நேரத்துல 60 மி.லி.தான் சார்" என்பதற்கு டாக்டர் சீக்கிரம் எழுந்து வருவார்.

4. மருந்து: கணக்கும் சந்தேகமும்

சரியான பேஷண்ட், மருந்து, டோஸ், வழி, நேரம் எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். கல்லூரியில் அவ்வளவாகச் சொல்லித்தராதவற்றை மட்டும் சொல்கிறேன்.

டிரிப் கணக்குக்கு ஒரு குறுக்குவழி. மணிக்கு எத்தனை மி.லி. என்று முதலில் பாருங்கள். ஒரு மி.லி.க்கு 20 துளி விழுகிற செட் என்றால் அதை 3ஆல் வகுங்கள், 15 துளி செட் என்றால் 4ஆல். 60 துளி மைக்ரோ செட்டில் மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை துளி. 500 மி.லி. எட்டு மணி நேரத்தில் போகவேண்டும் என்றால் மணிக்கு 62.5. அதனால் 20 துளி செட்டில் நிமிடத்துக்கு 21 துளி, 15 துளி செட்டில் 16. எந்த செட் என்பது பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும், பிரித்துத் தூக்கிப் போடுவதற்கு முன் பாருங்கள்.

இன்சுலினில் நம் நாட்டில் ஒரு ஆபத்து இருக்கிறது. யூ-40, யூ-100 என்று இரண்டு வலிமையில் வயல் கிடைக்கிறது. ஒரு மி.லி.யில் ஒன்றில் 40 யூனிட், மற்றதில் 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு விதம்: யூ-40க்குச் சிவப்பு மூடி, யூ-100க்கு ஆரஞ்சு மூடி. யூ-100 வயலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். ஆள் சர்க்கரை இறங்கி வியர்த்து விழுந்துவிடுவார். மாற்றி இழுத்தால் 4 யூனிட்தான் போகும், சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று எல்லோரும் மண்டையைக் குழப்பிக்கொள்வார்கள். வயல் லேபிளையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு இழுப்பது மூன்று வினாடி வேலை.

பொட்டாசியம் குளோரைடு இன்னொன்று. நம் வார்டில் வருகிற 15 சதவீத 10 மி.லி. ஆம்பூலில் 20 மில்லி ஈக்குவலன்ட் இருக்கிறது. அதை நேரடியாக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். எப்போதும் பாட்டிலில் கலந்துதான், மெதுவாகத்தான். சாதாரணக் கை நரம்பில் மணிக்கு 10 மில்லி ஈக்குவலன்ட்டுக்கு மேல் வேண்டாம். தொங்கி ஓடிக்கொண்டிருக்கிற பாட்டிலில் மேலிருந்து ஊசியால் ஏற்றாதீர்கள். மருந்து கீழே தங்கி மொத்தமாக உள்ளே போய்விடும். கழற்றி, சேர்த்து, பல முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கி, லேபிள் ஒட்டிய பிறகு தொங்கவிடுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கிற ஹெப்பாரினிலும் கவனம் வேண்டும். 5 மி.லி. வயல் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒன்றில் மொத்தம் 5,000 யூனிட், இன்னொன்றில் 25,000.

இந்த மாதிரி மருந்துகளுக்கு இன்னொருவரிடம் சரிபார்க்கும்போது, "இது 2 மி.லி.தானே சிஸ்டர்?" என்று கேட்காதீர்கள். அவசரத்தில் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். "ஆர்டர் இது, வயல் இது. நீங்க தனியா ஒரு தடவை கணக்குப் போட்டுச் சொல்லுங்க சிஸ்டர்" என்று கேளுங்கள். இரண்டு விடையும் ஒத்துப்போனால் கொடுங்கள். போனில் வாங்குகிற ஆர்டரை எழுதி, திரும்பப் படித்துக்காட்டி, டாக்டர் "சரி" என்ற பிறகு மருந்தைத் தொடுங்கள்.

5. கை வேலை

வென்ஃப்ளான் (டிரிப்புக்காக நரம்பில் வைக்கிற பிளாஸ்டிக் குழாய், கேனுலா) போட வராததுதான் புதியவர்களுக்குப் பெரிய அவமானமாக இருக்கிறது. இது முழுக்க எண்ணிக்கையால் வருகிற திறமை, அதனால் வாய்ப்பைத் தேடிப் போங்கள். காலை ஷிஃப்டில், நல்ல நரம்புள்ள இளைஞர்களிடம் ஆரம்பியுங்கள். கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரிகிற நரம்பைவிட விரலுக்குப் பஞ்சுபோல் மெத்தென்று படுகிற நரம்பு நல்லது. தோலைக் கீழ்ப்பக்கமாக இழுத்துப் பிடியுங்கள், இல்லாவிட்டால் வயதானவர்களுக்கு நரம்பு நழுவும். ரத்தம் தெரிந்ததும் பலர் அப்படியே பிளாஸ்டிக்கைத் தள்ளுவார்கள், அங்கேதான் பிசகும். ஊசியைத் தாழ்த்தி இன்னும் கொஞ்சம் உள்ளே கொண்டுபோன பிறகு கேனுலாவை மட்டும் தள்ளுங்கள். கையில் கட்டிய டூர்னிக்கே பட்டையை அவிழ்த்த பிறகு ஊசியை எடுங்கள். கேனுலாவின் அளவு நிறத்தில் தெரியும்: மருந்துக்கு நீலமோ ரோஸோ போதும், ரத்தம் ஏற்றவும் ஷாக் கேஸுக்கும் பச்சை.

இரண்டு முறை தவறினால் இன்னொருவரைக் கூப்பிடுங்கள். மூன்றாவது குத்து அந்த பேஷண்ட்டுக்கும் வேண்டாம், உங்கள் மனதுக்கும் வேண்டாம்.

6. டாக்டரைக் கூப்பிடுவது

புதியவர்கள் மிகவும் தயங்குகிற இடம் இது. திட்டுவார்களோ, சின்ன விஷயத்துக்கு எழுப்பிவிட்டோமோ என்ற கூச்சம். அழைப்பதற்கு முன் இரண்டு நிமிடம் தயார் செய்தால் கூச்சம் பாதி போய்விடும். அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிகளில் தகவல் சொல்லப் பயன்பட்ட ஒரு முறையை, கைசர் பெர்மனென்டே மருத்துவ நிறுவனத்தினர் ஆஸ்பத்திரிக்கு ஏற்ப மாற்றினார்கள். 'எஸ்பார்' என்று படித்திருப்பீர்கள். இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும் என்ற நாலு வரிசைதான். பேசும்போது அது இப்படி இருக்கும்:

"சார், ஃபீமேல் மெடிக்கல் வார்டிலிருந்து ஸ்டாஃப் நர்ஸ் பேசுறேன். 12ஆம் பெட், 24 வயசு, பி.பி. 100/82, பல்ஸ் 118, கை கால் சில்லுனு இருக்கு. டெங்கு கேஸ் சார், அஞ்சாவது நாள், காலையிலிருந்து காய்ச்சல் இல்லை. சாயங்காலம் பி.பி. 110/70 இருந்துச்சு. ரெண்டு தடவை வாந்தி, வயித்து வலி சொல்றாங்க, ஆறு மணி நேரத்துல யூரின் 60 மி.லி.தான். ஷாக்குக்குப் போறாங்கன்னு நினைக்கிறேன். நீங்க உடனே வந்து பாக்கணும் சார். அதுக்குள்ள ஹெமட்டோக்ரிட்டுக்கு ப்ளட் அனுப்பட்டுமா? ஃப்ளூயிட் எவ்வளவு வேகத்துல விடணும்?"

"ஷாக்குக்குப் போறாங்கன்னு நினைக்கிறேன்" என்கிற வரியைத்தான் புதியவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். நோயைக் கண்டுபிடிப்பது டாக்டர் வேலை, நாம் ஏன் சொல்வது என்று. நீங்கள் நினைப்பது தவறாக இருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கள். கேட்கிறவருக்கு அவசரம் புரிவது அந்த வரியில்தான். பெயர் தெரியாத நிலைமையென்றால், "என்னன்னு தெரியல சார், ஆனா ஒரு மணி நேரமா மோசமாகிட்டே போறாங்க" என்றாலும் போதும்.

வரவில்லையா? பத்து நிமிடத்தில் மறுபடி அழையுங்கள். அப்போதும் வராவிட்டால் அவருக்கு மேலே இருப்பவரை அழைத்து, நைட் சூப்பர்வைசரிடமும் சொல்லுங்கள். ஒருவரைத் தாண்டிப் போவது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. ராத்திரி வார்டில் அந்த மரியாதைக்கு இடம் கிடையாது. ஒவ்வொரு அழைப்பின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

7. திடீர் ஆபத்து

ஆள் அசையவில்லை, மூச்சில்லை, பல்ஸ் கிடைக்கவில்லை என்றால் குரல் கொடுத்துவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 செ.மீ., 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். டீம் வந்த பிறகு ஓரமாக ஒதுங்கி நிற்காதீர்கள். "நான் நேரம் குறிக்கிறேன்" என்று சத்தமாகச் சொல்லி ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அட்ரினலின் 1 மில்லிகிராம் மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போகும், "கடைசி டோஸ் போய் நாலு நிமிஷம் ஆச்சு சார்" என்று சொல்கிற ஆள் அங்கே தேவை. முழுக்காட்சியும் தெரிவதால் கற்றுக்கொள்ளவும் அதுதான் நல்ல இடம்.

ஆன்டிபயாட்டிக் போட்டதும் தடிப்பு, மூச்சுத் திணறல், பி.பி. இறக்கம் என்றால் அனஃபிலாக்சிஸ், உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. வழக்கத்தில் முதலில் கை போவது அவில் என்ற அலர்ஜி மருந்துக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டுக்கும். உயிரைக் காப்பது அட்ரினலின்: பெரியவர்களுக்கு 1:1000 ஆம்பூலில் அரை மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். மருந்தை நிறுத்தி, படுக்கவைத்து, காலை உயர்த்தி, ஆக்சிஜன் வையுங்கள். மூச்சுத் திணறல் அதிகமாக இருந்தால் உட்காரட்டும், எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள். முதல் வாரத்தில் ஸ்டாண்டிங் ஆர்டரைக் கேட்கச் சொன்னது இந்த மாதிரி நேரத்துக்குத்தான்.

8. எழுதுவது

"பேஷண்ட் ஸ்டேபிள், ஆர்டர்கள் நிறைவேற்றப்பட்டன" என்ற வரியால் யாருக்கும் லாபமில்லை. என்ன பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு, யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். தவறாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துக் கையெழுத்திடுங்கள், வைட்னர் வேண்டவே வேண்டாம். செய்யாததை முன்கூட்டியே டிக் அடிக்காதீர்கள்.

9. மனிதர்கள்

சில சீனியர்கள் திட்டுவார்கள். "இத்தனை வருஷம் படிச்சு இதுகூடத் தெரியாதா?" என்று பேஷண்ட் முன்னாலேயே கேட்பார்கள். திட்டினால்தான் தொழில் வரும் என்ற நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. திட்டு வாங்கிய பெண் அடுத்த முறை சந்தேகத்தைக் கேட்கமாட்டாள், நஷ்டம் பேஷண்ட்டுக்கு. ஆனாலும் பதில் ஒன்று கையில் இருக்கட்டும்: "இந்த வார்டு வழக்கம் தெரியல சிஸ்டர், ஒரு தடவை காட்டுங்க, அடுத்த தடவை நானே செஞ்சிடுறேன்." தொடர்ந்து அவமானப்படுத்தினால் நர்ஸிங் சூப்பரின்டெண்டன்ட்டிடம் போகலாம்.

கூட இருக்கிற சொந்தக்காரர்கள் கேட்பதற்குப் பதில் தெரியாவிட்டால் மழுப்ப வேண்டாம். "எனக்குச் சரியாத் தெரியலம்மா, டாக்டரைக் கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். அதன் பிறகு அந்தப் பெட்டில் உங்களை யாரும் 'புது நர்ஸ்' என்று சொல்லமாட்டார்கள்.

10. டூட்டி முடிந்த பிறகு

ஒரு சின்ன நோட்டு வையுங்கள். அன்று புரியாத ஒரு மருந்து, ஒரு லேப் ரிப்போர்ட், ஒரு நோய், இவற்றில் ஒன்றை மட்டும் வீட்டில் படித்து நாலு வரி எழுதுங்கள். பேஷண்ட் பெயரை எழுதாதீர்கள். மாதம் ஒருமுறை இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய், "இந்த மாசம் கதீட்டர் போடப் பழகணும் சிஸ்டர், கேஸ் வந்தா கூப்பிடுங்க" என்று ஒன்றை மட்டும் கேளுங்கள். கேட்கிற பிள்ளையைக் கூப்பிட்டுக் கற்றுக்கொடுப்பார்கள்.

ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால் மறைக்காதீர்கள். பிதுக்கவோ வாயில் வைக்கவோ வேண்டாம், ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். உடனே இன்சார்ஜிடமும் கேஷுவாலிட்டியிலும் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முடிந்தவரை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும், 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிடவேண்டும். வேலையில் சேரும்போதே ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று டோஸும் போட்டாயிற்றா, அதன் பிறகு டைட்டர் (எதிர்ப்பு சக்தி வந்திருக்கிறதா என்கிற ரத்தப் பரிசோதனை) பார்த்தாயிற்றா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இந்த வாரமே போடுங்கள்.